பிரிக் கேமில் வேகம் 9-ல் நின்று ஆடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி, ஓட்டையில்லாமல் நிரம்பும் வரிசைகளை அழிக்கும் கையடக்கக் கருவிதான் பழைய பிரிக் கேம். அதில் வேகத்தை 9-ல் வைத்துத் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. கட்டை மேலே தலைகாட்டியதும் கீழே இறங்கிவிடும். அதைத் திருப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும் முன்னே அடுத்தது வந்து நிற்கும். நடுவில் ஒரு கோபுரம் எழும்பும். அத்தோடு ஆட்டம் முடிந்தது. வெறுத்துப்போய்க் கருவியைத் தலையணை மேல் எறிந்துவிட்டு, "இது மனுசன் ஆடுத வேகமாலே?" என்று கேட்டவர்கள் நம் திருநெல்வேலிப் பக்கம் ஏராளம்.

மனிதன் ஆடும் வேகம்தான் அது. கை வேகம் போதவில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கை போதும். இந்தக் கட்டையை எங்கே வைப்பது என்ற முடிவுதான் பிந்துகிறது. முடிவை முன்கூட்டியே எடுக்கப் பழகிவிட்டால், அதே கட்டைவிரல் அதே வேகத்தில் தாராளமாகச் சமாளிக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வதற்காகத்தான்.

கையில் இருப்பது என்ன

1984-ல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய ஆட்டம் டெட்ரிஸ். அவர் அதை எழுதிய எலக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துக் குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். 1989-ல் நின்டெண்டோவின் கேம் பாய் வந்தபோது டெட்ரிஸ் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் நம் ஊருக்கு வந்தது கேம் பாய் இல்லை. அதே ஆட்டத்தோடு 1990-களில் சீனாவில் மலிவாகத் தயாரித்து அனுப்பிய பிரிக் கேம்தான் வந்தது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதிகளில் போடும் கடைகள், பாளையங்கோட்டைத் தசராக் கடைகள், பொருட்காட்சித் திடல் என்று எங்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் பொம்மைக் காருக்கும் நடுவில் அது இருக்கும். பெட்டியில் '9999 ஆட்டங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உண்மையில் உள்ளே இருப்பவை பத்துப் பதினைந்து ஆட்டங்கள்தான். வேகத்தையும் லெவலையும் மாற்றி மாற்றி எண்ணினால் அந்தத் தொகை வந்துவிடும்.

திரை பத்து கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம். மொத்தம் 200 கட்டங்கள். வலப்பக்கம் அடுத்து வரப்போகும் கட்டையைக் காட்டும் சின்னச் சதுரம் ஒன்று உண்டு. இடக்கைப் பக்கம் நான்கு திசைப் பொத்தான்கள், வலக்கைப் பக்கம் கட்டையைத் திருப்பும் பெரிய பொத்தான். அந்தப் பெரிய பொத்தான் கட்டையை ஒரே திசையில் மட்டுமே திருப்பும். இப்போதைய போன் டெட்ரிஸில் இருபுறமும் திருப்பலாம், ஒரு கட்டையை ஓரமாக எடுத்து வைத்துப் பிறகு பயன்படுத்தலாம், எங்கே விழும் என்று நிழல்கூடக் காட்டும். இங்கே அந்தச் சலுகை எதுவும் கிடையாது. போனில் நன்றாக ஆடுபவர் இதில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் கருவியைச் சரிசெய்யுங்கள்

பொத்தான் ஒழுங்காக வேலை செய்யாத கருவியில் வேகம் 9 ஆடவே முடியாது. பயிற்சிக்கு முன்னால் ஒரு மணி நேரம் இதற்காக ஒதுக்குங்கள்.

செல் அறையைத் திறந்ததும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், உள்ளே விட்டுவைத்த செல் கசிந்திருக்கிறது என்று பொருள். அல்கலைன் செல் கசிவு காரத்தன்மை உள்ளது. பஞ்சில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக்கொண்டு வரும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கம்பிச் சுருளை உப்புத்தாள் துண்டால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். எலுமிச்சை ஈரம் அப்படியே இருந்துவிட்டால் அதுவே துரு ஏற்றிவிடும், கவனம். பெரும்பாலும் இரண்டு பென்சில் செல் போதும். சில வகைகளுக்கு மூன்று.

பொத்தான் அமுங்கியும் வேலை செய்யவில்லை என்றால் பின்பக்கத் திருகுகளைக் கழற்றுங்கள். பொத்தானுக்கு அடியில் ரப்பர் விரிப்பு இருக்கும். அதன் ஒவ்வொரு குமிழுக்கும் அடியில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். அது கரி கலந்த ரப்பர். அது பலகையில் உள்ள இரண்டு கோடுகளைத் தொட்டால்தான் மின்சாரம் ஓடும். வியர்வையும் தூசியும் அங்கே படிந்திருக்கும். செல்போன் கடைகளில் வைத்திருக்கும் ஐசோப்ரோப்பைல் திரவத்தைக் காதுகுடையும் பஞ்சில் தொட்டுப் பலகைக் கோடுகளை அழுத்தியே துடைக்கலாம். கரி வட்டத்தை மட்டும் மெதுவாகத் துடையுங்கள், தேய்த்தால் கரி போய்விடும்.

திரையில் ஒரு வரிசையோ, மேலிருந்து கீழாக ஒரு பத்தியோ முழுக்க மறைந்திருந்தால் பெரும்பாலும் கண்ணாடி உடைந்திருக்காது. திரையையும் பலகையையும் இணைக்கும் இணைப்பு விலகியிருக்கும். சிலவற்றில் கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கிய ரப்பர் பட்டை இருக்கும். அதை எடுத்துத் துடைத்து நேராக உட்காரவைத்துத் திருகுகளைச் சமமாக முடுக்கினால் கோடு திரும்ப வந்துவிடும். ஒட்டிய நாடாவாக இருந்தால் இழுக்காதீர்கள். அதைப் பழகிய கையிடம் கொடுப்பதே நல்லது.

எங்கே உட்காருவது

இந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெளியிலிருந்து விழும் ஒளியைத் திருப்பித்தான் காட்டும். ஆகவே திண்ணைதான் இதற்குச் சரியான இடம். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து வரட்டும். கருவியை லேசாகச் சாய்த்து, கட்டைகள் எந்தக் கோணத்தில் நல்ல கறுப்பாகத் தெரிகின்றன என்று பார்த்து, அந்தக் கோணத்தை மாற்றாமல் பிடியுங்கள். இரவில் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தால் கண்ணாடியில் பளபளப்பு விழும். இரண்டு விரற்கடை விலகி உட்கார்ந்தால் போதும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொன்று நடக்கும். வள்ளியூரோ அம்பாசமுத்திரமோ போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்துவிட்டால் திரை முழுக்கக் கறுத்துப்போகும். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் ஒரு சூட்டுக்கு மேல் தன் அடுக்கை இழந்துவிடும், அதனால் கறுப்பாகத் தெரியும். நிழலில் வைத்தால் ஆறியதும் பழையபடி வரும். ஐஸ் தண்ணீர்த் துணியெல்லாம் சுற்ற வேண்டாம், உள்ளே ஈரம் இறங்கிவிடும். குற்றாலச் சாரல் காலத்திலும் இதே எச்சரிக்கைதான்: நனைந்த கையோடு தொட வேண்டாம்.

ஒலிப் பொத்தானை அணைத்துவிட்டு ஆடிப் பழகுங்கள். மதியம் ஆச்சி தூங்கும் வீட்டில் அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டால் கருவி பறிபோகும் என்பது ஒரு காரணம். வேகம் ஏற ஏற அந்தச் சத்தமே மனதைப் பதற வைக்கும் என்பது இன்னொரு காரணம்.

ஏழு கட்டைகள், அவை உட்காரும் இடங்கள்

எல்லாக் கட்டைகளும் நான்கு சதுரங்களால் ஆனவை. மொத்தம் ஏழு வடிவம்: நீளக்கட்டை, பெட்டி, டி, எஸ், இசட், 'ட', திருப்பிப் போட்ட 'ட'. ஆங்கில எல் வடிவத்தைத்தான் இங்கே 'ட' என்கிறேன். எழுத்தைப் பார்த்தாலே கட்டை எந்தப் பக்கம் கால் நீட்டியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஒரு வரிசைக்குப் பத்துச் சதுரம், ஒரு கட்டைக்கு நான்கு. ஐந்து கட்டைகள் சேர்ந்தால் இரண்டு வரிசை. அதாவது ஐந்து கட்டைகள் விழுந்து இரண்டு வரிசை அழியவில்லை என்றால் உங்கள் அடுக்கு வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆடும்போது இதை எண்ண வேண்டாம், ஆட்டத்துக்குப் பிறகு யோசித்துப் பாருங்கள்.

இனி உட்காரும் இடங்கள். இந்தப் பத்தியை மெதுவாக, கையில் கருவியோடு படியுங்கள். பெட்டிக்கு வேண்டியது சமமான இரண்டு கட்டம். எஸ் படுத்து உட்கார, இரண்டு கட்டம் சமமாக இருந்து அதற்கு வலப்பக்கம் ஒரு படி உயர வேண்டும். நின்று உட்கார, இடப்பக்கம் ஒரு படி உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். இசட் இதற்கு அப்படியே எதிர். டி எங்கேயும் பொருந்தும் நல்ல பிள்ளை: மூன்று சமக் கட்டத்திலும் உட்காரும், ஒரு படி ஏற்ற இறக்கத்திலும் நிற்கும், நடுவில் ஒரு கட்டப் பள்ளம் இருந்தால் தலைகீழாகவும் இறங்கும். 'ட' கட்டைகளின் அருமை இரண்டு படிப் பள்ளத்தில்தான் தெரியும். வலது சுவரை ஒட்டிய கடைசிப் பத்தி இரண்டு கட்டம் தாழ்ந்திருந்தால் 'ட'வைத் தலைகீழாகத் திருப்பி இறக்குங்கள், கச்சிதமாக அடையும். இடது சுவரை ஒட்டிய பள்ளத்துக்குத் திருப்பிப் போட்ட 'ட'. மூன்று கட்டமோ அதற்கு மேலோ ஆழமான பள்ளம் விழுந்துவிட்டால் அதை அடைக்க நீளக்கட்டை ஒன்றுதான் வழி. அப்படிப்பட்ட பள்ளம் ஒரே நேரத்தில் இரண்டு இருந்தால் ஆட்டம் உங்கள் கையில் இல்லை.

மட்டம்

கொத்தனார் ஒவ்வொரு வரி செங்கல் வைத்ததும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு கட்டை விழுந்ததும் மேல்பரப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வரிசை அழிந்ததா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அடுத்து ஏழில் எது வந்தாலும் ஓட்டை விழாமல் வைக்க இடம் இருக்கிறதா என்பது.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. வேகத்தைக் குறைத்து வைத்து ஆடுங்கள். இடையில் பாஸ் பொத்தானை அமுக்குங்கள். பல கருவிகளில் ஆட்டம் நின்றாலும் அடுக்கு அப்படியே திரையில் தெரியும். இப்போது மேல்பரப்பை மட்டும் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: பெட்டிக்கு இடம் இதோ, எஸ்ஸுக்கு இங்கே, இசட்டுக்கு அங்கே. ஏதாவது ஒன்றுக்கு இடம் இல்லை என்றால் அடுத்த கட்டையால் அந்த இடத்தை உருவாக்க வேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிறைய நேரம் எடுக்கும். அது பரவாயில்லை. கண் பழகப் பழக இந்தத் தணிக்கை தானாக நடக்கும், பாஸ் பொத்தான் தேவைப்படாது.

முழுக்கத் தட்டையான பரப்பும் ஆபத்துதான் என்பதைக் கவனியுங்கள். பத்துக் கட்டமும் ஒரே சமமாக இருந்தால் எஸ்ஸோ இசட்டோ வந்தால் எங்கே வைத்தாலும் ஓட்டை விழும். எங்காவது ஒரு படி ஏற்றம் ஒன்றும் ஒரு படி இறக்கம் ஒன்றும் வேண்டும். இவை இருந்தால் ஏழும் அடங்கும்.

நடு மட்டும் உயரக் கூடாது. கட்டை நடுவில்தான் தோன்றும். நடு உயர்ந்துவிட்டால் அங்கிருந்து ஓரத்துக்குப் போக நேரம் குறைகிறது. வேகம் 9-ல் நடு பாதித் திரைக்கு மேல் ஏறிவிட்டால் ஓரங்கள் காலியாகவே இருந்தும் தோற்பீர்கள். பெரும்பாலான தோல்விகள் இப்படித்தான் வருகின்றன. பதற்றத்தில் நடுவில் போட்டு, அது உயர்ந்து, அதனாலேயே மேலும் நடுவிலேயே விழும். ஆகவே எந்தக் கட்டையை எங்கே வைப்பது என்று தெரியாத நேரத்தில் ஓரத்துக்கு அனுப்புங்கள். அங்கே ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை.

நீளக்கட்டைக்குக் காத்திருக்காதீர்கள்

நான்கு வரிசையை ஒரே அடியில் அழித்தால் புள்ளி அள்ளலாம். என்னிடம் உள்ள கருவியில் ஒரு வரிசைக்கு 100, இரண்டுக்கு 300, மூன்றுக்கு 700, நான்குக்கு 1500. அதனால்தான் எல்லோரும் வலது ஓரத்தில் ஒரு பத்தியைக் காலியாக விட்டுக் காத்திருக்கிறார்கள். என் தங்கை மகன் ஆடும்போது, "நீளக்கட்ட வரவே மாட்டேங்கு மாமா" என்று ஒவ்வொரு முறையும் புலம்புவான். "அது வரும்போது வரட்டும்லே, இப்ப கைல இருக்கத ஒழுங்கா வை" என்பேன்.

அவன் புலம்பலுக்குக் கணக்கு இருக்கிறது. இப்போதைய டெட்ரிஸில் ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, ஏழும் ஒரு சுற்று வந்த பிறகுதான் அடுத்த சுற்று தொடங்கும். பழைய கருவியில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் ஏழில் ஒன்று என்ற சமவாய்ப்பில் வருவதாக வைத்துக்கொண்டால், தொடர்ந்து 14 கட்டைகளில் ஒரு நீளக்கட்டைகூட வராமல் போவது 100-க்கு ஏறக்குறைய 12 தடவை நடக்கும். 20 கட்டைகள் வராமல் போவதுகூட 100-க்கு நாலைந்து தடவை நடக்கும். 20 கட்டைகள் என்றால் எட்டு வரிசைக்கான சதுரங்கள். அடுக்கு பாதித் திரையில் இருக்கும்போது எட்டு வரிசை ஏறினால் தலை தட்டிவிடும்.

என் தீர்ப்பு இது: வேகம் 5 வரை பள்ளம் விட்டுக் காத்திருக்கலாம், அடுக்கு எட்டு வரிசையைத் தாண்டாமல் இருந்தால் மட்டும். வேகம் 7-க்கு மேல் ஒரு வரிசையும் இரண்டு வரிசையுமாக அழித்துக்கொண்டே போங்கள். புள்ளி குறைவாகத் தோன்றும், ஆனால் ஆட்டம் நீளும். நீண்ட ஆட்டம்தான் கடைசியில் பெரிய புள்ளி தரும்.

எந்த ஆட்டக்காரருக்கும் இதில் எல்லை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்ஸும் இசட்டும் மட்டும் மாறி மாறி வந்தால் எவ்வளவு திறமையாக ஆடினாலும் 70 ஆயிரம் கட்டைக்குள் தோற்றே ஆக வேண்டும் என்று ஹெய்டி பர்கியேல் என்ற கணிதவியலாளர் 1997-ல் நிரூபித்திருக்கிறார். வரப்போகும் கட்டைகள் எல்லாம் முன்பே தெரிந்தாலும் அவற்றை மிகச் சிறப்பாக அடுக்குவது கணினிக்கே கடினமான கணக்கு என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் காட்டினார்கள். ஆகவே தோற்றதும் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

பக்கத்துச் சதுரத்தைப் பார்ப்பது

முன்கூட்டியே முடிவெடுப்பது என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் கைகூடும். கட்டை விழத் தொடங்கியதும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அது தேவையே இல்லை. அதற்கான இடத்தை முந்தைய கட்டை இறங்கும்போதே முடிவுசெய்திருக்க வேண்டும்.

செய்யும் முறை இப்படி இருக்கட்டும். கட்டை தோன்றியதும் விரல் தன் வேலையைச் செய்துவிடும்: இத்தனை திருப்பு, இத்தனை தட்டு. அந்தக் கணமே கண்ணை, அடுத்த கட்டையைக் காட்டும் பக்கத்துச் சதுரத்துக்குக் கொண்டுபோங்கள். அதில் இருப்பது எது என்று பாருங்கள். உடனே பார்வை மேல்பரப்புக்குத் திரும்பட்டும், இப்போது விழும் கட்டை உட்கார்ந்தால் பரப்பு எப்படி மாறும் என்று கற்பனை செய்து அடுத்ததற்கு இடம் தேர்ந்தெடுங்கள். கட்டை உட்கார்ந்த அசைவு தெரிந்ததும் விரல் மறுபடி தொடங்கும். விழும் கட்டையைக் கண் துரத்தவே கூடாது. முதல் சில நாட்கள் இது மிகவும் எரிச்சலூட்டும். புள்ளி முன்பைவிடக் குறையும். விடாமல் செய்யுங்கள், ஏனென்றால் வேகம் 6-க்கு மேல் போக வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

விரல் கணக்கு

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை மிகக் குறைத்துவைத்து, ஒவ்வொரு கட்டையும் தோன்றும் இடத்திலிருந்து இடது சுவரைத் தொட எத்தனை தட்டு, வலது சுவரைத் தொட எத்தனை தட்டு என்று எழுதுங்கள். திருப்பாமல் ஒரு கணக்கு, ஒருமுறை திருப்பி ஒரு கணக்கு, இருமுறை திருப்பி ஒரு கணக்கு. கருவிக்குக் கருவி இது மாறும், ஆகவே அடுத்தவர் எழுதியதை நம்பாதீர்கள். குறிப்பாக நீளக்கட்டையை நிறுத்தினால் அது எந்தப் பத்தியில் நிற்கிறது என்பதைக் கவனித்து எழுதுங்கள். நான்கு கட்டம் அகலமான அதற்கு நடு என்று ஒரு பத்தி கிடையாது, இடமோ வலமோ ஒரு பக்கம் தள்ளித்தான் நிற்கும். எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தச் சுவருக்கு ஒரு தட்டு குறைவு. பள்ளம் விட்டு ஆடுவதாக இருந்தால் அந்தப் பக்கமே விடுங்கள்.

திருப்பு ஒரே திசைதான் என்பதால் சில நிலைகளுக்கு மூன்று முறை அமுக்க வேண்டியிருக்கும். வேகம் 9-ல் மூன்று அமுக்கு அதிகம். ஒரே இடத்தில் இரண்டு விதமாக வைக்கலாம் என்றால் குறைவாகத் திருப்பும் விதத்தையே எடுங்கள்.

திசைப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் கட்டை முதலில் ஒரு கட்டம் நகர்ந்து, சற்றுத் தயங்கி, பிறகுதான் ஓடும். அந்தத் தயக்கம்தான் உயர்ந்த வேகத்தில் ஆளைக் கொல்லும். பிடிக்காமல் தட்டுங்கள். மூன்று கட்டம் என்றால் மூன்று தட்டு. கட்டைவிரல் நுனியால், பொத்தானை விட்டு விரல் எழும்பாமல் தட்ட வேண்டும். பழைய நின்டெண்டோ டெட்ரிஸில் பெரிய ஆட்டக்காரர்கள் இந்தத் தயக்கத்தை வெல்லவே தனித்தனி உத்திகளை வளர்த்தார்கள். பொத்தான் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, கருவியின் பின்பக்கத்தை மற்ற விரல்களால் வரிசையாகத் தட்டி அந்தப் பொத்தானை அமுங்க வைப்பது அதில் ஒன்று. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் அந்த உத்தியால்தான் அந்த ஆட்டம் உறைந்து நிற்கும் இடம்வரை போனான். நம் பிரிக் கேம் சிறியது, பின்பக்கம் செல் மூடி இருக்கிறது, அந்த உத்தி இங்கே சரிப்படாது. நுனித் தட்டே போதும்.

வியர்வை பெரிய எதிரி. மடியில் ஒரு துண்டு இருக்கட்டும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையில் விரலையும் பொத்தானையும் துடையுங்கள். மணிக்கட்டு வலிக்கத் தொடங்கினால் அன்றைக்குப் போதும்.

ஓட்டை விழுந்துவிட்டால்

விழத்தான் செய்யும். மூடிய ஓட்டைக்கு மேல் எத்தனை வரிசை கிடக்கிறது என்று பாருங்கள். ஒன்றோ இரண்டோ என்றால் உடனே அந்த வரிசைகளை அழித்துத் திறந்துவிடுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் அதை மறந்து, அதற்கு மேலே புதிதாக மட்டம் கட்டுங்கள். அடுக்கு தாழ்ந்து வரும்போது தானே வெளிப்படும். ஓட்டை இருக்கும் பத்திக்கு மேல் மட்டும் கூடுதலாகக் கட்டை ஏற்றாதீர்கள்.

இதற்குப் பயிற்சி தரத்தான் லெவல் இருக்கிறது. லெவலை உயர்த்தித் தொடங்கினால் பல கருவிகளில் அடியில் ஓட்டைகளோடு சில வரிசைகள் தயாராக நிற்கும். வேகத்தை மிகக் குறைவாகவும் லெவலை 5-லும் வைத்து, அடியில் இருப்பதை முழுவதும் தோண்டி முடிப்பதே குறிக்கோள் என்று ஆடுங்கள். கரண்ட் இல்லாத மதியங்களுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. 2012 வாக்கில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் எங்கள் தெருவில் இதில் தேறியவர்கள் நிறையப் பேர்.

வேகத்தை ஏற்றும் முறை

சில கருவிகளில் வேகம் 0 முதல் 9 வரை, சிலவற்றில் 1 முதல் 10 வரை இருக்கும். புள்ளி ஏற ஏற வேகம் தானாகவும் கூடும். குறைந்த வேகத்தில் தொடங்கி அரை மணி நேரம் ஆடி, கடைசி இரண்டு நிமிடம் மட்டும் கடினமான வேகத்தைச் சந்திப்பதுதான் வழக்கமான தவறு. அந்த இரண்டு நிமிடத்துக்குள் களைத்துவிடுவீர்கள், எதுவும் பழகாது.

முதல் வாரம் வேகம் 3-ல் மட்டம், பக்கத்துச் சதுரம், விரல் கணக்கு மூன்றையும் பழகுங்கள். பைய ஆடுங்கள். அப்புறம் நேரே வேகம் 7-க்குப் போங்கள். 4, 5, 6 என்று படிப்படியாக ஏற வேண்டாம். தோற்பீர்கள், தோற்கும்போது எந்தக் கட்டை எங்கே விழுந்ததால் தோற்றீர்கள் என்று மட்டும் மனதில் குறித்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். ஒரு நாளில் பத்து நிமிடம் 7, பிறகு பத்து நிமிடம் 5. 7-லிருந்து வந்ததும் 5 மந்தமாகத் தெரியும். அந்த மந்தத்தில்தான் சரியான முடிவுகளைப் பழகலாம். 7-ல் பத்து வரிசை அழித்துவிட்டால் 9-ஐத் தொடுங்கள், அப்போது 7-ஐ மந்தமான வேகமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கி ஏறும் இந்த முறை நேராக ஏறுவதைவிட வேகமாகப் பலன் தரும்.

வேகம் 9-ல் முதல் குறிக்கோள் புள்ளி இல்லை. அடுக்கு ஆறு வரிசைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது. ஆறைத் தாண்டினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒற்றை வரிசைகளாக அழித்துக் கீழே இறக்குங்கள்.

மற்ற ஆட்டங்கள்

அதே கருவியில் உள்ள மற்றவற்றுக்குச் சில சொற்கள். கார் ஓட்டும் ஆட்டத்தில் உங்கள் காரைப் பார்க்காதீர்கள், திரையின் மேல் கால்பகுதியையே பாருங்கள். எதிரே வரும் கார் தலைகாட்டும்போதே தடம் மாறிவிட வேண்டும். பீரங்கி ஆட்டத்தில் மூலையில் நின்றால் இரண்டு பக்கம் மட்டுமே காக்க வேண்டியிருக்கும். பாம்பு நீண்டபின் சுவரோரமாக வளைந்து வளைந்து மடியுங்கள், நடுவைக் காலியாக வையுங்கள். இவை எல்லாம் ஓரிரு நாளில் கைவந்துவிடும்.

கடைசிச் சோதனை

வேகம் 9, லெவல் 9. அடியில் ஒன்பது வரிசைவரை நிறைந்திருக்கும், உங்களுக்கு மிஞ்சுவது பதினொரு வரிசை உயரம். தொடங்கும் பொத்தானை அமுக்கும் முன்பே பக்கத்துச் சதுரத்தில் ஒரு கண் இருக்கட்டும். முதல் நான்கு கட்டைகளை அடியில் உள்ள ஓட்டைகளைப் பார்க்காமல் ஓரங்களில் வையுங்கள். இடம் இரண்டு, வலம் இரண்டு என்று பிரித்தால் நடு தாழ்வாக நிற்கும், மூச்சுவிட நேரம் கிடைக்கும். அதன் பிறகு எந்த வரிசையில் ஒரே ஒரு ஓட்டை மட்டும் மேலிருந்து திறந்திருக்கிறதோ அதை முதலில் அடைத்துவிடுங்கள். ஒரு வரிசை அழிந்ததும் அடுத்தது எது என்று தெரியும். மூன்று வரிசை அழித்துவிட்டால் இது சாதாரண வேகம் 9 ஆட்டம்தான், மேலே சொன்ன ஆறு வரிசைக் கட்டுப்பாட்டுக்கு வந்து சேருங்கள்.

நல்ல புள்ளி வந்தால் அன்றே நோட்டில் எழுதிவையுங்கள், அல்லது திரையைப் படம் எடுத்துவிடுங்கள். அதிகபட்சப் புள்ளி கருவியின் நினைவில் இருப்பது செல் உள்ளே இருக்கும்வரைதான். செல்லைக் கழற்றியதும் போய்விடும். ஆனாலும் பல நாள் ஆடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி எலுமிச்சைச் சாறோடு உட்கார வேண்டியிருக்கும்.